விசா 5 வாரத்தில் முடிகிறது, பாஸ்போர்ட் 7 மாதத்தில்: எதை முதலில் தொடுவது? (பெங்களூரு)

முருகேஷ்பாளையா வாசி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். பெங்களூருக்கு வந்து 9 வருடம் ஆகிறது. மனைவிக்கு யாழ்ப்பாணம், அச்சுவேலி. இலங்கை பாஸ்போர்ட். டூரிஸ்ட் விசாவில் வந்தாள். பாஸ்போர்ட்டில் ஒட்டுகிற விசாதான், ஈ-விசா இல்லை. வந்த இடத்தில் கல்யாணம் என்று சொன்னால் சீரியல் மாதிரி இருக்கும். இரண்டு வீட்டிலும் பேசி முடித்ததுதான். என் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் தேதியை முன்னால் இழுத்துவிட்டார்கள். போன மாதம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் ஆகிவிட்டது.

இப்போது பீரோ கதவில் இரண்டு தேதிகளை எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். விசா முடிய 5 வாரம். பாஸ்போர்ட் முடிய 7 மாதம். இந்தியரின் மனைவி என்ற முறையில் எக்ஸ் விசாவுக்கு மாற வேண்டும் என்பது தெரியும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு விசாவை மாற்றுவதா, விசாவை மாற்றிவிட்டுப் பாஸ்போர்ட்டா?

ஒரு ஏஜென்ட்டைப் பார்த்தேன். 28,000 ரூபாய் கேட்டார். அதற்கு அவர் கொடுத்த யோசனை: “ஊருக்கு அனுப்பி வைங்க சார், பத்து நாள் கழிச்சு புது டூரிஸ்ட் விசாவில வரட்டும்.” யாழ்ப்பாணத்துப் பலாலியில் சென்னை விமானம் ஏற அவளுக்குத் தெரியும், அதற்கு எதற்கு 28,000?

அல்சூர்க்காரன்:

முதலில் வாழ்த்துகள். ஏஜென்ட்டை மறந்துவிடுங்கள். டூரிஸ்ட் விசாவில் திரும்பத் திரும்ப வந்து குடித்தனம் நடத்துவது நிற்காது, ஒரு நாள் கவுண்டரில் யாராவது கேள்வி கேட்பார்கள்.

என் ஓட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான். பாஸ்போர்ட் தேதியைத் தாண்டி விசா நீட்டித் தர மாட்டார்கள். 7 மாதப் பாஸ்போர்ட்டோடு போனால் 7 மாத விசாதான் கையில் வரும். அப்புறம் புதுப் பாஸ்போர்ட், மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கட்டணம். ஒரே வேலையை எதற்கு இரண்டு தடவை செய்வது?

ஆர்கேபுரம் அக்கா:

டெல்லியிலிருந்து எழுதுகிறேன். அல்சூர்த் தம்பி சொல்வது செலவுக் கணக்கில் சரி, நாள் கணக்கில் தப்பு.

இலங்கைக்காரர்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு போடுகிற பாஸ்போர்ட் விண்ணப்பம் அந்தத் தூதரகத்திலேயே அச்சாகி வருவதில்லை. பத்தரமுல்லையில் இருக்கிற குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போய், அங்கிருந்து புத்தகமாகத் திரும்பி வர வேண்டும். 2024 கடைசியில் வெற்றுப் புத்தகம் பற்றாமல் பத்தரமுல்லையில் ஜனங்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்களே, நினைவிருக்கும். 5 வாரத்தில் வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்தால், விசா முடிந்த அன்று உங்கள் கையில் ஒரு ரசீது மட்டும்தான் இருக்கும்.

எது முதலில் காலாவதியாகிறதோ அதை முதலில் கவனியுங்கள். 7 மாதம் பாக்கி இருக்கிற பாஸ்போர்ட் நல்ல பாஸ்போர்ட். இரண்டு தடவை கட்டணம் கட்டுவது எரிச்சல்தான். விசா இல்லாமல் ஒரு வாரம் இருப்பது எரிச்சலோடு போகாது.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். குடியுரிமைச் சட்டம் 3-ஆம் பிரிவைப் படியுங்கள். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறக்கிற குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்பது மட்டும் போதாது. குழந்தை பிறக்கிற சமயத்தில் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. சுவர் ஏறிக் குதித்தவர் மட்டும் இல்லை, ஒழுங்காக விசாவில் வந்துவிட்டு, தேதி முடிந்த பிறகும் தங்கியவரும் அந்த வரையறைக்குள்தான் வருவார். இந்த விஷயத்தை எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீட்டுக்காரர் பாண்டிச்சேரி, ஆனால் பிரெஞ்சுக் குடிமகன். பாண்டிச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது அவர் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிறந்தது முத்தியால்பேட்டை, பேசுவது தமிழ், ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார். அதே ஆர்.கே.புரத்தில் ஈஸ்ட் பிளாக்கில், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் வெளிநாட்டவர். எம்ப்ளாய்மென்ட் விசாவிலிருந்து எக்ஸ் விசா, அதிலிருந்து ஓசிஐ (இந்திய வெளிநாட்டுக் குடிமகன் அட்டை) என்று நாங்கள் ஏறி வந்த படிகள் எனக்கு மனப்பாடம்.

அல்சூர்க்காரன்:

குடியுரிமை விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. சரி, விசாவே முதலில். என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன்.

வாசி, ஒரு நல்ல சேதி: இப்போது டோக்கன் எல்லாம் கிடையாது. 2018-லிருந்து ஈ-எஃப்ஆர்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளம். எல்லாம் ஆன்லைனில்தான், கூப்பிட்டால் மட்டும் சாந்திநகர் பஸ் ஸ்டாண்டு கட்டிடத்துக்குப் போனால் போதும். கே.ஹெச். ரோட்டில் டிடிஎம்சி என்று கேளுங்கள். பஸ் ஏறுகிற இடத்தில் வெளிநாட்டவர் அலுவலகமா என்று எல்லோரும் ஒரு தடவை தடுமாறுவார்கள், நீங்களும் தடுமாறுங்கள்.

வீட்டு விலாசத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? சி ஃபார்ம் போட்டாயிற்றா? வெளிநாட்டவர் வந்து தங்கினால் தங்க வைக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஓட்டலுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கும்தான்.

முருகேஷ்பாளையா வாசி:

சி ஃபார்மைக் கல்யாண அவசரத்தில் கோட்டை விட்டுவிட்டேன். நேற்று வீட்டுக்காரரிடம் போனேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

மேல் மாடியில் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். 11 மாத ஒப்பந்தம், கரண்ட் பில் அவர் பெயரில். ‘ஃபாரினர்’ என்ற சொல் காதில் விழுந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். “போலீஸ் பர்தாரா?” என்றார். விலாசம் சரிபார்க்க வரலாம், வந்தால் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடலாம் சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மருமகனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்திவிட்டார்.

சாயங்காலம் என் மனைவி தனியாக மாடிக்குப் போனாள். அம்மா ஊரிலிருந்து கொடுத்து விட்ட பருத்தித்துறை வடை ஒரு டப்பா. அரை மணி நேரம் வீட்டுக்காரரின் மனைவியோடு பேசியிருக்கிறாள், இவளுக்குக் கன்னடம் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் பாதி. இறங்கி வரும்போது கையில் பெஸ்காம் பில், வரி ரசீது, அவருடைய ஆதார் நகல். ஒவ்வொரு நகலின் மேலும் குறுக்கே இந்த விண்ணப்பத்துக்கு மட்டும் என்று கன்னடத்தில், சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பழக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன். ஏஜென்ட்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பிய நகல்களை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

மாட்டுங்கா மணி:

தேதிப் பிரச்சினையை நீங்கள் தீர்த்துவிடுவீர்கள் வாசி. அதைவிடப் பெரிது பெயர்ப் பிரச்சினை. திருமணச் சான்றிதழில் மனைவி பெயர் எப்படி இருக்கிறது, பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது? ஒரு எழுத்து விடாமல் இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் ஆட்களுக்கு இது தலைமுறைச் சாபம். என் அப்பா தாராவியில் ரேஷன் கார்டு எடுக்கப் போனபோது “ஆட்நாவ் காய்?” என்று கேட்டிருக்கிறார்கள். குடும்பப் பெயரைக் கேட்கிறார்கள் என்று புரியாமல் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரேஷன் கார்டில் சர்நேம் நாங்குநேரி. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி.

காலி கட்டம் என்ன செய்யும் என்பதற்கு என் தம்பி சாட்சி. துபாயில் 11 வருடம் ரெசிடென்ஸ் விசாவில் இருந்தான், ஒற்றைப் பெயரை யாரும் கேட்கவில்லை. வேலை போய், விசாவை ரத்து செய்துவிட்டு மும்பை வந்தான். விசிட் விசாவில் திரும்பிப் போய் வேலை தேடலாம் என்று டிக்கெட் எடுத்தான். 2022 நவம்பர் 21-லிருந்து ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டில் விசிட் விசாக்காரரை உள்ளே விடுவதில்லை என்று அமீரகம் சொல்லிவிட்டிருந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று அடுத்த சில நாளிலேயே தளர்த்தினார்கள். இவன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தது. அதைக் கவுண்டரில் இருக்கிற பையனுக்கு யார் சொல்வது? ராத்திரி 2 மணிக்கு விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வீட்டுக்குத் திரும்பி வந்தான். விசா வகை மாறினால் அதுவரை யாரும் கேட்காத கேள்வியெல்லாம் முளைக்கும்.

பிறகு பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ போட்டு அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் ஏற்றினோம். அது சுலபம். அதற்குப் பிறகு பான் கார்டு, பேங்க், பிஎஃப் எல்லாவற்றிலும் பெயரைத் துரத்திக்கொண்டு ஓடியதுதான் ஒரு வருடம்.

அதனால் உங்களுக்கு ஒரே வேண்டுகோள். புதுப் பாஸ்போர்ட்டில் மனைவி பெயரோடு உங்கள் பெயரைச் சேர்க்கிற ஆசை யாருக்காவது இருந்தால், இப்போது வேண்டாம். விசா வேலை எல்லாம் முடியட்டும்.

பினாங்குப் பையன்:

நான் மலேசியன், பெங்களூரில் மருத்துவம் படிக்கிறேன். என் கேஸ் சின்னது. ஸ்டூடண்ட் விசா படிப்புக் காலத்துக்குக் கொடுத்தார்கள், பாஸ்போர்ட் நடுவில் முடிந்தது. சென்னையில் எங்கள் கன்சுலேட்டில் புதுப்பித்தேன். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிற விசா செத்துப் போவதில்லை. புதுப் பாஸ்போர்ட் எண்ணை ஈ-எஃப்ஆர்ஆர்ஓவில் ஏற்றிவிட்டு இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறேன். நான் இரண்டையும் ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தேன், கோலாலம்பூரில் ஆபீசர் ஒரு முறை முறைத்தார். நீங்கள் அடிக்காதீர்கள்.

கல்லூரி மாறினால் மட்டும் பெரிய வேலை. சும்மா மாறிவிட முடியாது, முன் அனுமதி வேண்டும். என் சீனியர் ஒருவர் அனுமதி வாங்காமல் மாறிவிட்டு ஒரு செமஸ்டரைத் தொலைத்தார்.

ஒயிட்ஃபீல்டு ரிட்டர்ன்:

அல்சூர்க்காரர் முதலில் சொன்னாரே, பாஸ்போர்ட் தேதியைத் தாண்டி விசா வராது என்று, அதற்கு அமெரிக்காவில் இன்னும் மோசமான வடிவம் ஒன்று இருக்கிறது. தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே, ஆனால் இங்கே படிக்கிற பாதிப் பேர் ஹெச்-1பி (அமெரிக்க வேலை விசா) என்பதால் எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்டில் இருக்கிற விசா முத்திரைக்கு ஒரு தேதி. உள்ளே நுழையும்போது கொடுக்கிற ஐ-94 என்ற நுழைவுப் பதிவுக்கு வேறு தேதி. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது இரண்டாவது. என் ஹெச்-1பி இன்னும் 2 வருடம் இருந்தது. சென்னை வந்துவிட்டு நியூவார்க்கில் இறங்கினேன், பாஸ்போர்ட்டில் 8 மாதம் பாக்கி. ஆபீசர் ஐ-94-ஐ பாஸ்போர்ட் முடிகிற நாளோடு வெட்டிவிட்டார். எனக்குத் தெரியவே தெரியாது, விசா இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். பாஸ்போர்ட்டை அங்கேயே விஎஃப்எஸ் வழியாகப் புதுப்பித்தேன், புத்தகம் வீட்டுக்கு வந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பாஸ்போர்ட் புதிதாவதால் ஐ-94 தானாக நீளாது! பையனின் பள்ளிக்கு ஏதோ ஒரு படிவம் நிரப்பும்போது என் மனைவிதான் இணையத்தில் பார்த்துவிட்டு, “இது என்ன, அடுத்த மாசம் 14-ஆம் தேதின்னு போட்டிருக்கு?” என்றாள். 19 நாள் மிச்சம். புதுப் பாஸ்போர்ட்டோடு வெளியே போய் மறுபடி நுழைந்துதான் சரி செய்தோம். மூன்று பேருக்கும் டிக்கெட்.

ஊரிலிருந்து திரும்புகிற ஒவ்வொரு தடவையும் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் போனில் ஐ-94-ஐத் திறந்து பாருங்கள். பெட்டி வருகிற வரை சும்மாதானே நிற்கிறோம்.

ஒயிட்ஃபீல்டு ரிட்டர்ன்:

(இன்னொன்று.) குழந்தை அமெரிக்கக் குடிமகனாக இருந்து நீங்கள் பெங்களூருக்குத் திரும்பியிருந்தால்: 16 வயதுக்குள் அவர்கள் பாஸ்போர்ட் 5 வருடம்தான். புதுப்பித்தல் என்றே கிடையாது, ஒவ்வொரு தடவையும் டிஎஸ்-11 படிவத்தில் புதிதாகத்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் நேரில் வர வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதப் படிவம். கர்நாடகாவுக்குச் சென்னை கன்சுலேட்தான், அதனால் விடிகாலை ரயில். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் அதன் நகலையும் புதுப் படத்தையும் ஓசிஐ தளத்தில் ஏற்றிவிடுங்கள். 20 வயது வரை ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் இது உண்டு, 2021-லிருந்து கட்டணம் இல்லை, 3 மாதத்துக்குள் செய்ய வேண்டும்.

கேஆர்புரம் 88:

இலங்கைக்காரர் என்றால் முகாமில் பதிவு செய்ய வேண்டாமா? என் நண்பர் ஒருவர் திருச்சியில் அப்படித்தான்.

ஆர்கேபுரம் அக்கா:

அது வேறு, இது வேறு தம்பி. போர்க்காலத்தில் அகதிகளாக வந்தவர்கள் தமிழ்நாட்டில் மறுவாழ்வு முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிரச்சினை 40 வருடப் பிரச்சினை, தனி இழையே வேண்டும். வாசியின் மனைவி பாஸ்போர்ட், விசாவோடு விமானத்தில் வந்தவர். இரண்டையும் குழப்பிக்கொண்டு யாராவது தப்பான இடத்தில் தப்பான வார்த்தையைச் சொல்லி வைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 1-லிருந்து பழைய வெளிநாட்டவர் சட்டம், பதிவுச் சட்டம் எல்லாம் போய், குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் என்று ஒரே சட்டம்தான் நடைமுறையில் இருக்கிறது. பழைய பதிவுகளில் 1946, 1939 என்று பார்த்துவிட்டு அதன்படி நடக்க வேண்டாம்.

முருகேஷ்பாளையா வாசி:

நிலவரம் சொல்கிறேன். விசாவை முதலில் எடுத்துக்கொண்டோம். விசா முடிய 23 நாள் இருக்கும்போது விண்ணப்பம் போட்டாயிற்று.

வேலை என்று பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்கேன் செய்ததுதான். அவள் பாஸ்போர்ட், விசாப் பக்கம், கடைசியாக நுழைந்த முத்திரை, திருமணப் பதிவுச் சான்றிதழ், என் பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் சிவப்பு மை நகல்கள், நான் பொறுப்பேற்கிறேன் என்று ஓர் உறுதிமொழி, எதற்கு மாற்றம் வேண்டும் என்று ஒரு கடிதம். கோப்பு அளவு பெரிது என்று தளம் திருப்பித் திருப்பித் தள்ளியது. போனில் எடுத்த படங்களைச் சுருக்கினால் எழுத்து மங்குகிறது, சுருக்காவிட்டால் ஏறவில்லை. கடைசியில் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் 60 ரூபாய் கொடுத்துக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தோம், ஏறிவிட்டது.

மணி அண்ணா, உங்கள் வாயில் சர்க்கரை போட வேண்டும், அல்லது மிளகாய். ஐந்தாம் நாள் மெயில் வந்தது: பெயர் வேறுபாட்டுக்கு விளக்கம் தேவை. பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர் முழுதாக சர்நேம் கட்டத்தில் இருக்கிறது. திருமணச் சான்றிதழில் அதே அப்பாவை ஒரே ஓர் எழுத்தாக்கி முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். பதிவன்று நான்தான் படிவத்தை நிரப்பினேன். கும்பகோணத்துப் பழக்கம், இனிஷியல் போட்டுவிட்டேன். அவள் அன்றைக்கே “இப்பிடி எங்கட ஆக்கள் எழுதுறதில்லை” என்றாள். நான் கேட்கவில்லை.

மாட்டுங்கா மணி:

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் நோட்டரி அஃபிடவிட். மும்பையில் இதை எழுதித் தருகிறவர்களே தனி ஜாதி, கேட்ட மாத்திரத்தில் பக்கம் தட்டுவார்கள். சான்றிதழையும் அப்புறம் நிதானமாகத் திருத்திக்கொள்ளுங்கள். அஃபிடவிட் கட்டுப் போடத்தான் உதவும், எலும்பு சேராது.

முருகேஷ்பாளையா வாசி:

அஃபிடவிட் ஏற்றிய பத்தாம் நாள் எக்ஸ் விசா அனுமதி மெயிலில் வந்துவிட்டது. அல்சூர்க்காரர் சொன்ன மாதிரியே பாஸ்போர்ட் முடிகிற தேதி வரைக்கும்தான். பரவாயில்லை, அக்கா சொன்னதைக் கேட்டதில் 6 மாதம் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

நடுவில் விலாசம் சரிபார்க்க ஒரு கான்ஸ்டபிள் வந்தார். நான் ஆபீசில் இருந்தேன். வீட்டுக்காரரே மாடிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்து, நல்ல பெண், நன்றாக வடை செய்வாள் என்று சாட்சியும் சொல்லி அனுப்பியிருக்கிறார். (வடை செய்தது மாமியார்.)

இப்போது பாஸ்போர்ட் வேலை. சென்னையில் நுங்கம்பாக்கத்தில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில் கொடுப்பதாக இருக்கிறோம். மற்றதை அவளே எழுதுகிறேன் என்கிறாள், அதே கணக்கிலிருந்து.

முருகேஷ்பாளையா வாசி (மனைவி எழுதுகிறேன்):

எல்லோருக்கும் வணக்கம். உங்கள் பதில்களை எல்லாம் நானும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். இவர் எழுதியதில் ஒரு திருத்தம், வடை அரைவாசி நானும் சுட்டது.

கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கு என்னிடம் இருந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதி மிகப் பழையது, எழுத்து அழிந்துபோய்க் கிடந்தது. அம்மா பிரதேச செயலகத்துக்குப் போய்ப் புதிய பிரதி எடுத்தார். அங்கே இருந்த பிள்ளை, “மகள் எங்கே இருக்கிறா?” என்று கேட்டாளாம். பெங்களூர் என்றதும், “கனடா இல்லையோ?” என்று ஒரு மாதிரிப் பார்த்தாளாம். அம்மாவுக்கு அது இரண்டு நாள் கதைக்கக் கிடைத்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் கனடா, லண்டன், பாரிஸ் என்றால்தான் வெளிநாடு. கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இங்கே வந்தால் நான் ஃபாரினர்!

மணி அண்ணை சொன்னதுபோல் பெயரை மாற்றவில்லை. அப்பாவின் பெயர் அப்படியே இருக்கிறது. எனக்கும் அதுதான் விருப்பம்.

ஒரு கேள்வி. நான் ஊரில் தையல் வகுப்பு நடத்தினவள். இங்கே ஒரு பூட்டிக்கில் கேட்கிறார்கள். எக்ஸ் விசாவில் போகலாமா?

ஆர்கேபுரம் அக்கா:

வாம்மா. இப்போது வேண்டாம். எக்ஸ் விசா குடும்பத்தோடு இருக்கத்தான், அதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்குச் சேர்ந்துவிடக் கூடாது. எம்ப்ளாய்மென்ட் விசாவுக்கு வருடச் சம்பளம் 16.25 லட்சம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். பூட்டிக்கில் அது நடக்கிற காரியம் இல்லை.

உனக்கு வழி ஓசிஐ. கல்யாணம் பதிவாகி, விண்ணப்பிக்கிற நாளுக்கு முன் இடைவிடாமல் 2 வருடம் ஆகியிருக்க வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசம் சம்பந்தம் இருந்தால் கிடைக்காது, இலங்கைக்குத் தடை இல்லை. டூரிஸ்ட் விசாவில் இருந்துகொண்டு இங்கே விண்ணப்பிக்க முடியாது. நீ எக்ஸுக்கு மாறியது இதற்கும் உதவும். பாதுகாப்பு விசாரணை உண்டு, அதனால் சீக்கிரம் வரும் என்று தேதி குறிக்காதே. வந்துவிட்டால் வேலைக்குப் போகலாம், பதிவு, நீட்டிப்பு எதுவும் இல்லை. ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பேரில் குடியுரிமை என்று இருந்தாலும் அது குடியுரிமை இல்லை, உன் இலங்கைப் பாஸ்போர்ட் உன்னிடமேதான் இருக்கும்.

கணவர் வழியாக ஓசிஐ வாங்கினவர்கள் ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட்டுக்கும் நகலோடு, கல்யாணம் இன்னும் நிலைத்திருக்கிறது என்று ஓர் உறுதிமொழியும் ஏற்ற வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர் என்ற விதியில் வாங்கினார். ‘என் ஓசிஐ உன் தயவால் வந்ததில்லை’ என்று சண்டை வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அல்சூர்க்காரன்:

அந்த 2 வருடத்தைத் திருமணம் நடந்த நாளிலிருந்து எண்ணிவிடாதீர்கள், பதிவுச் சான்றிதழையும் பார்ப்பார்கள். சான்றிதழில் இருக்கிற இனிஷியலை நிதானமாகத் திருத்தலாம் என்றார் மணி, நான் இப்போதே திருத்திவிடுங்கள் என்கிறேன். 2 வருடம் கழித்து அதே கேள்வி திரும்ப வரும்.

முருகேஷ்பாளையா வாசி:

நாலரை மாதம் கழித்து வருகிறேன். புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, 10 வருடத்துக்கு. அதை வைத்து எக்ஸ் விசா நீட்டிப்புக்குப் போட்டோம், போன வாரம் கிடைத்தது. இந்த முறை பெயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, சான்றிதழைத் திருத்தி வாங்கியிருந்தோம். அதற்குக் கும்பகோணம் மூன்று தடவை போய் வந்த கதையைத் தனியாக எழுதுகிறேன்.

மைத்துனிக்கு ஆவணியில் கல்யாணம். சென்னையிலிருந்து பலாலி. பழைய பாஸ்போர்ட், புதுப் பாஸ்போர்ட், அனுமதி மெயிலின் அச்சுப் பிரதி, திருமணச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில். வேறு ஏதாவது விட்டுவிட்டேனா?

அல்சூர்க்காரன்:

திரும்பி வரும்போது திரும்ப நுழைய அனுமதி இருக்கிறதா என்று அந்த அச்சுப் பிரதியில் ஒரு தடவை படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட் இரண்டையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போடுங்கள். ஸ்டேப்ளர் வேண்டாம், பினாங்குப் பையன் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

முருகேஷ்பாளையா வாசி (மனைவி):

ஓம், அனுமதி இருக்கிறது, வாசித்துப் பார்த்தேன். ரப்பர் பேண்டும் போட்டாச்சு. வடை டப்பாவுக்குப் போட்டிருந்ததுதான். மேல் வீட்டு அம்மா டப்பாவை நேற்றுத் திருப்பித் தந்தவ, உள்ளே மைசூர் பாகு.